மெட்டை முடிவு செய்யும் சொல்

(சேர்ந்திசைக் குழுவில் பல ஆண்டுகளாக பேஸ் என்னும் கட்டைக் குரல் பாடிவரும் நம் பத்தியாளர் வாசகர்களுக்குப் பதிலளிக்கிறார்.)

கே: எஸ்தோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட்டின் தேவாலய இசையைப் புகழ்ந்துகொண்டே இருக்கிறீர்கள். நாலைந்து சுரங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. இதை யார் வேண்டுமானாலும் எழுதலாமே?

ப: நானும் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான். 2004-இல் அவர் எழுதிய 'டா பாச்செம் டோமினே' என் வாயை அடைத்தது. நான்கு குரல்கள், ஏறத்தாழ ஐந்து நிமிடம். என் வரியில் நீண்ட நீண்ட சுரங்கள் மட்டுமே இருந்ததைப் பார்த்துச் சிரித்தேன். இரண்டாம் பக்கத்திலேயே மூச்சு தீர்ந்து சுரம் மயிரிழை இறங்கியது. ஒத்திகை அறை முழுவதும் திரும்பிப் பார்த்தது. வேகமான பாட்டில் ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கும், இதில் கிடைக்காது. மாட்ரிட் ரயில்களில் குண்டு வெடித்த இரண்டு நாளில் அவர் எழுதத் தொடங்கிய அமைதி மன்றாட்டு அது.

இனி அவர் இசையின் விதி. ஒரு குரல் படிப்படியாக நடக்கும். துணைக்குரல் ச, க, ப ஆகிய மூன்றில் மட்டுமே நிற்கும். சிறுமணிகளைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து இதற்கு 'டின்டினாபுலி' என்று பெயர் வைத்தார். 1977-இல் எழுதிய 'மிஸ்ஸா சில்லபிகா' என்ற திருப்பலி இசையில் இன்னும் ஒரு படி மேலே போய், மெட்டையே சொல்லின் கையில் கொடுத்துவிட்டார். சொல்லில் எத்தனை உயிரொலியோ அத்தனை சுரம். லத்தீனில் 'பாட்ரெம்' (தந்தை) இரண்டு, 'ஓம்னிபொடென்டெம்' (எல்லாம் வல்ல) ஐந்து. விதி எளிதுதான்; எழுதிப் பார்த்து அனுப்புங்கள், நாங்கள் பாடிப் பார்க்கிறோம்.

கே: அந்த விதி தமிழுக்குப் பொருந்துமா?

ப: இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்! முதலில் நம் யாப்பை மறந்துவிடுங்கள். 'அருள்' நமக்கு ஒரே நிரையசை. வாய் இரண்டு முறை திறப்பதால் பேர்ட்டின் கணக்கில் இரண்டு. ஒவ்வொரு சொல்லும் மையச் சுரத்திலிருந்து ஏறுவதாக வைத்துக்கொண்டால் 'தந்தை' என்பது ச ரி. 'மன்னித்தருளவேண்டுமே' என்று சேர்த்து எழுதினால் எட்டு. ஒரே சொல்லில் மேல் சட்ஜத்துக்குப் போய்விடுவோம். உச்சக் குரலில் பாடும் சோப்ரானோக்கள் மகிழ்வார்கள், என் போன்ற கட்டைக் குரல்கள் கதறும். பதம் பிரித்து 'மன்னித்து', 'அருள', 'வேண்டுமே' என்று எழுதினாலோ மும்மூன்று: ச ரி க, ச ரி க, ச ரி க. வானுக்கு ஏறிய மெட்டு மண்டியிட்டுக் கெஞ்சத் தொடங்குகிறது. புணர்ச்சி இலக்கணம் மெட்டை இப்படிப் புரட்டிப் போடும் என்று எந்தத் தமிழாசிரியரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

கே: அவர் எட்டு ஆண்டுகள் எதுவுமே எழுதவில்லையாமே?

ப: அது கொஞ்சம் ஊதிய கதை. 1971-இல் மூன்றாம் சிம்பொனி வந்திருக்கிறது. ஆனால் தேக்கம் உண்மை. 1968-இல் 'கிரெடோ' என்ற படைப்பில் கிறிஸ்துவை நம்புகிறேன் என்று சோவியத் ஆட்சியில் வெளிப்படையாகப் பாட வைத்து, அதிகாரிகளின் கோபத்துக்கு ஆளானார். பின்பு கிரெகோரியன் எனப்படும் பழைய தேவாலயப் பாடல்களை எழுதி எழுதிப் பழகினார், தொடக்கப்பள்ளிப் பிள்ளையைப் போல. 1976-இல் சிறிய பியானோ துண்டு ஒன்றுடன் திரும்பினார். 1980-இல் நாட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது.

கே: எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. இவற்றைப் பாடலாமா?

ப: தாராளமாக. எங்கள் குழுவில் சுரம் பிசகாத டெனர் (ஆண்களில் உயர்ந்த குரல்) ஒரு நாத்திகர்.

கே: எதிலிருந்து கேட்கத் தொடங்குவது?

ப: பொறுமை இருந்தால் 1982-இன் 'பாஸ்ஸியோ'. யோவான் நற்செய்தி சொல்லும் இயேசுவின் பாடுகள் (துன்பங்கள்), லத்தீனில், இடைவேளையின்றி எழுபது நிமிடம் வரை. பாதியில் தேநீர் போட எழுந்தால் திரும்பி வந்துவிடுங்கள். அத்தனை நேரம் அடக்கிவைத்த குரல்கள் கடைசிப் பக்கத்தில்தான் மேஜர் சுருதிக்கு மாறித் திறக்கின்றன. அந்த 'ஆமென்' இரண்டே சுரம் போதுமான சொல்தான். எனக்கு இன்றுவரை மூச்சு போதவில்லை.