திருமண நாளுக்குக் காரைக்குடி, கூடவே தேக்கு ஊஞ்சல்: எஃப்.டி.யை உடைக்கலாமா, இ.எம்.ஐ. போடலாமா?

கேள்வி: சென்னையில் மூன்றாம் மாடி வாடகை வீட்டில் இருக்கிறோம். இருவர் சம்பளமும் சேர்த்து மாதம் 1,05,000 ரூபாய் கைக்கு வருகிறது. வாடகை 22,000, கார் கடன் தவணை 11,400, வீட்டுச் செலவு 38,000, மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு ஒதுக்குவது 6,000, எஸ்.ஐ.பி. 10,000. சேமிப்புக் கணக்கில் 1,60,000 இருக்கிறது. 3 லட்சத்துக்கு 6.8% வட்டியில் இரண்டு வருட எஃப்.டி. போட்டு 11 மாதம் ஆகிறது. அக்டோபரில் இரண்டாம் பருவக் கட்டணம் 36,000, கார் இன்சூரன்ஸ் 14,000 கட்ட வேண்டும். அடுத்த மாதம், ஆவணிக் கடைசியில், எங்கள் பத்தாவது திருமண நாள். மகளை அம்மா வீட்டில் விட்டுவிட்டுக் காரைக்குடியில் இரண்டு இரவு தங்கி, பழைய தேக்கில் ஆறு பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை, மர பீரோ, மனைவி பல நாளாக ஆசைப்படும் ஊஞ்சல் மூன்றையும் வாங்கலாம் என்று திட்டம். பொருட்களுக்கு 1,80,000, பயணத்துக்கு 32,000 ஆகும் என்று நினைக்கிறோம். ஒரு கடைக்காரர் வாட்ஸ்அப்பில் மேசையின் படம் அனுப்பி 10,000 அட்வான்ஸ் கேட்கிறார். எஃப்.டி.யை உடைக்கலாமா? இல்லை, மேசையை மட்டும் சென்னை ஷோரூமில் 1,20,000-க்கு வட்டியில்லா இ.எம்.ஐ.யில் எடுக்கலாமா? தீபாவளிக்கு 60,000 போனஸ் வரும்.

பதில்: பயணத்துக்குத் தாராளமாகப் போய் வாருங்கள். 32,000 உங்கள் வருமானத்துக்கு அதிகமில்லை. அட்வான்ஸை மட்டும் இப்போது அனுப்பாதீர்கள். எஃப்.டி.யையும் தொட வேண்டாம்.

முதலில் கையில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். சேமிப்புக் கணக்கில் இருக்கும் 1,60,000-ல் பள்ளிக் கட்டணமும் கார் இன்சூரன்ஸும் சேர்ந்து 50,000 ஏற்கெனவே பேசி முடிந்த பணம். மீதி 1,10,000. உங்கள் கணக்குப்படி மாதம் 17,600 மிஞ்சுகிறது. பயணத்துக்கு முன் ஒரு மாத மிச்சத்தைச் சேர்த்தால் 1,27,600. அதில் பயணம் 32,000 போனால், பொருட்களுக்கு 95,600. இதுதான் உங்கள் வரம்பு. 1,80,000 என்பது பொருட்களின் விலையைக் கூட்டி வந்த தொகை. கையில் இருப்பதைப் பார்த்துப் போட்டதல்ல.

எஃப்.டி. 3 லட்சம், உங்கள் அவசியச் செலவுக்கு நான்கு மாதம்கூட முழுதாக வராது. வாடகை, தவணை, வீட்டுச் செலவு, பள்ளி மட்டும் மாதம் 77,400. இருவரில் ஒருவருக்கு வேலையில் சிக்கல் வந்தால் தாங்கிப் பிடிப்பது அந்தப் பணம்தான். உடைத்தால் வட்டியும் போகும். பாதியில் எடுத்தால், பணம் இருந்த காலத்துக்கு உரிய வட்டி விகிதத்தில் அரை முதல் ஒரு சதவீதம் வரை கழித்துக் கொடுப்பது பல வங்கிகளின் வழக்கம். 11 மாதத்துக்கு 6% என்று வைத்து, 1% கழித்தால் கிடைப்பது 5%. 6.8-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசம் 3 லட்சத்துக்கு 11 மாதத்தில் 4,950 ரூபாய். கடைசி நேரத்தில் பணம் குறைந்தே தீரும் என்றால், எஃப்.டி. மீது கடன் கேளுங்கள். வட்டி பொதுவாக எஃப்.டி. விகிதத்தைவிட 1 முதல் 2% கூடுதலாக இருக்கும். 7.8%-ல் 50,000 ரூபாயை மூன்று மாதம் வைத்திருந்தால் 975 ரூபாய்தான்.

அடுத்து அந்த வட்டியில்லா இ.எம்.ஐ. 1,20,000-க்கு மாதம் 10,000 வீதம் 12 தவணை என்றால், கார்டு நிறுவனம் வட்டியைப் போடத்தான் போடும். 16% வட்டி என்றால் ஏறத்தாழ 9,780 ரூபாய். அந்தத் தொகையை விலையில் தள்ளுபடி என்று காட்டிச் சரிக்கட்டுவார்கள். ஆனால் அந்த வட்டியின் மீது 18% ஜி.எஸ்.டி. உண்டு, அது 1,760. பிராசசிங் கட்டணம் 199 என்றால் வரியோடு 235. இவை இரண்டும் உங்கள் கைக்காசு. இதைவிடப் பெரியது, மொத்தப் பணமும் கொடுத்து வாங்குபவருக்குக் கடை தரும் தள்ளுபடியை நீங்கள் இழப்பது. 5% குறைத்தால் அதுவே 6,000. ஆக 8,000 ரூபாய் கூடுதல். தவணை கட்டக் கட்ட அசல் குறைந்துகொண்டே வருவதையும் கணக்கில் எடுத்தால், ஏறத்தாழ 13% வட்டிக்குக் கடன் வாங்கியதற்குச் சமம். ஒரு தவணை தவறினால் கார்டின் வழக்கமான வட்டி, மாதம் 3 முதல் 3.75% வரை, ஓடத் தொடங்கும். கார் தவணையோடு இந்த 10,000-மும் சேர்ந்தால் மாத மிச்சம் 7,600-க்கு இறங்கிவிடும். வேண்டாம்.

இனி மேசை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய மரப்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தூண், கதவு, பெட்டி, எனாமல் பாத்திரம் என்று பார்க்கவே ஒரு அரை நாள் வேண்டும். ஆனால் செட்டிநாட்டு வீடுகளில் பந்தி போட்டு இலையில் சாப்பிட்டதுதான் வழக்கம். ஆறு பேர் உட்காரும் பழைய சாப்பாட்டு மேசை அபூர்வம். விற்பனைக்கு வருபவை பலவும் இடித்த வீட்டின் உத்தரம், நிலை, கதவு மரத்தை இழைத்துப் புதிதாகச் செய்தவை. அதில் தப்பில்லை, நன்றாகக் காய்ந்த மரம் என்பதால் எளிதில் முறுக்காது, விரியாது. ஆனால் பழைய பொருளுக்கான விலையைக் கொடுக்காதீர்கள். மேசையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஆணித் துளையை மக்கு வைத்து அடைத்த வட்டங்களும், நட்சத்திரத் தலை ஸ்க்ரூவும் இருந்தால் அண்மையில் செய்ததோ, பழுது பார்த்ததோதான்.

மரத்தின் விலையை நீங்களே கணக்கிடலாம். நீளத்தை அடியிலும், அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் எடுத்துப் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. 5 அடி நீளம், 36 அங்குல அகலம், 1 அங்குலக் கனமுள்ள மேல்பலகை 1.25 கன அடி. மூன்றுக்கு மூன்று அங்குலத்தில் இரண்டரை அடிக் கால் நான்கும் சேர்ந்து 0.63. சுற்றுச் சட்டம் 0.4. நாற்காலி ஒன்றுக்கு 0.65 வீதம் ஆறுக்கு 3.9. அறுப்புச் சேதம் கால் பங்கு சேர்த்தால் எல்லாமாக 8 கன அடிக்குள் முடிந்துவிடும். கன அடி 4,000 என்று வைத்தால் மரம் 32,000 (உங்கள் பகுதி மரக்கடையில் அன்றைய விலை கேட்டு மாற்றிப் போடுங்கள்). ஆசாரி கூலி 28,000, பாலிஷும் சில்லறைச் சாமானும் 12,000 என்றால், சென்னையிலேயே 72,000-க்கு உங்கள் அளவுக்கு மேசை தயார்.

காரைக்குடிக் கடையில் 55,000 என்று ஒரு மேசை பிடித்துப்போனால் அங்கிருந்து கூட்டிக்கொண்டே வாருங்கள். மூட்டு இறுக்கி மறுபாலிஷ் 8,000, துணியும் அட்டையும் சுற்றிக் கட்ட 3,000, 400 கிலோமீட்டருக்குப் பார்ட் லோடு (மற்றவர் சரக்கோடு சேர்த்து ஏற்றும்) லாரி 7,000, மூன்றாம் மாடிக்கு ஏற்றுகூலி 2,500. வீட்டுக்கு வந்து சேரும்போது 75,500. தனி வண்டி பிடித்தால் திரும்பிப் போகும் காலி வண்டிக்கும் நீங்களே கொடுப்பீர்கள். கடை விலை மலிவாகத் தெரிவது இந்தச் செலவுகள் தனித்தனியாக வருவதால்தான். ஆகவே மேசையைச் சென்னையில் செய்யச் சொல்லுங்கள்.

ஊஞ்சலைக் காரைக்குடியிலேயே வாங்குங்கள். ஒரே பலகையாக 2 அடி அகலம் புதிய மரத்தில் கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் விலை எட்டாது. 6 அடிக்கு 2 அடி, 2 அங்குலக் கனம் என்றால் சரியாக 2 கன அடி, எடை 35 முதல் 40 கிலோ இருக்கும். மேலே சொன்ன விலைப்படி மரம் 8,000. கடைக்காரர் 22,000 சொன்னால் மீதி 14,000 அந்த அகலத்துக்கான விலை. அது உங்களுக்கு அவ்வளவு பெறுமா என்று இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். இரண்டு மூன்று பலகையை ஒட்டியதாக இருந்தால் அந்த விலை கொடுக்கத் தேவையே இல்லை. பலகையின் குறுக்கு வெட்டு முகத்தைப் பாருங்கள். மர வளையக் கோடு ஓரிடத்தில் அறுந்து திசை மாறினால் அது ஒட்டு.

ஓரத்தில் வெளிறிய பட்டை தெரிந்தால் அது வைரம் பாயாத மரம். வண்டு முதலில் அங்கேதான் துளைக்கும். பலகைக்கு அடியில் வெள்ளைத் தாள் விரித்துக் கையால் பலமாகத் தட்டுங்கள். மாவு போல் புதுத் தூள் கொட்டினால் உள்ளே இன்னும் அரிப்பு நடக்கிறது, எந்த விலைக்கும் வேண்டாம். சங்கிலிக்கு ஒரு சின்னக் காந்தம் கொண்டு போங்கள். பித்தளையில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் இரும்புக்கு மேல் பூச்சு. பித்தளைச் சங்கிலிக்கு எடை போட்டுத்தான் விலை, கண்முன் நிறுக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் வாடகை வீட்டில் இருக்கிறீர்கள் என்பதை இந்த ஆசையில் மறந்துவிடக் கூடாது. பலகை, சங்கிலி, இரண்டு பெரியவர்கள் சேர்ந்தால் 200 கிலோ பாரம். ஆடும்போது கொக்கியில் விழும் இழுப்பு அதற்கும் மேல். கான்கிரீட் தளத்தில் துளை போட வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ‘ஆடிக்கோங்க, அதுக்கென்ன’ என்று வாய்வார்த்தையாகச் சொன்னதை வைத்துத் துளைத்தால், காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடித்தம் வரும். மரத்துண்டோ ஜிப்சமோ பொருத்திய பொய்க்கூரையில் மாட்டவே கூடாது. அனுமதி கிடைக்காவிட்டால் இரும்பு ஸ்டாண்டு செய்து மாட்டலாம். அதன் விலையையும் ஹாலில் அது அடைக்கும் இடத்தையும் புறப்படுவதற்கு முன்பே கேட்டுவையுங்கள். பலகை, சங்கிலி, வண்டி, மாட்டும் கூலி எல்லாம் சேர்த்து 45,000-க்குள் நில்லுங்கள்.

பில் விஷயம். ‘பில் வேண்டாம்னா 18 பர்சென்ட் குறைச்சிக்கலாம்’ என்று பேச்சு வரலாம். மரச் சாமானுக்கு ஜி.எஸ்.டி. 18% என்பது சரிதான். ஆனால் பழைய பொருளை அப்படியே விற்கும் பதிவுபெற்ற வியாபாரி, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டும் முறை உண்டு. பழைய மரத்தைப் புதிதாகச் செய்து விற்றால் முழு விலைக்கும் வரி. ஜி.எஸ்.டி. பதிவே இல்லாத சிறு கடைக்காரர் உங்களிடம் வரி வாங்கவே முடியாது. ஆகவே ஜி.எஸ்.டி. பதிவு எண்ணைக் கேளுங்கள், பில்லில் அளவு, மரத்தின் வகை, ஒற்றைப் பலகை என்ற வார்த்தை மூன்றும் எழுதச் சொல்லுங்கள். நாளை விரிசல் விட்டாலோ, வழியில் உடைந்தாலோ பேசுவதற்கு அந்தக் காகிதம்தான் இருக்கும். தமிழ்நாட்டுக்குள் பில் 1 லட்சத்தைத் தாண்டினால், சரக்கை வண்டியில் கொண்டுபோக ஆன்லைனில் எடுக்கும் இ-வே பில் தேவை. உங்கள் ஊஞ்சலுக்கு அது வராது.

அறைக்கும் வரி பார்த்துப் பதியுங்கள். ஓர் இரவு வாடகை 7,500 வரை 5%, தாண்டினால் 18%. 7,400 அறைக்கு வரியோடு 7,770. 8,000 அறைக்கு 9,440. வாடகையில் 600 கூடினால் செலவில் 1,670 கூடுகிறது, இரண்டு இரவுக்கு 3,340. எழும்பூரிலிருந்து காரைக்குடிக்கு நேராக ரயில் உண்டு. அங்கே போய் வாடகை கார் வைத்துக்கொள்வது, சென்னையிலிருந்து சொந்தக் காரில் போய், திரும்பும்போது ‘வண்டிதான் இருக்கே’ என்று டிக்கியை நிரப்பி வருவதைவிட மேல். முதல் நாள் கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி என்று உங்களுக்காக வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கு இரண்டாம் நாள் காலை, வெயில் வெளிச்சத்தில் போங்கள். மஞ்சள் விளக்கில் எல்லா மரமும் தேக்குபோல்தான் தெரியும். அன்றே பணம் கொடுக்காமல், அளவையும் விலையையும் எழுதிக்கொண்டு அறைக்குத் திரும்பி, ஊருக்குக் கிளம்பும் காலையில் முடியுங்கள். விலை குறைவது பெரும்பாலும் அந்த இரண்டாவது பேச்சில்தான். அட்வான்ஸ் 25% கொடுங்கள், லாரியில் ஏற்றும்போது 65%, வீட்டில் இறக்கிப் பார்த்தபின் 10%. கடைசிப் பத்துக்கு ஒப்பாத கடையில் வாங்க வேண்டாம்.

பணம் வந்து போகும் வரிசை இப்படி இருக்கட்டும். 95,600-ல் ஊஞ்சலுக்கு 45,000. திரும்பி வந்து மேசைக்கு மரம் அறுக்கும் நாளில் பாதி, 36,000. கையில் 14,600 மிஞ்சும். மேசை முடிந்து பாலிஷ் காய ஐந்தாறு வாரம் ஆகும்; அதற்குள் இரண்டு மாத மிச்சம் 35,200 சேர்ந்து 49,800 ஆகிவிடும். மீதிப் பாதியைக் கொடுத்த பிறகும் 13,800 இருக்கும். கடனும் இல்லை, போனஸையும் எதிர்பார்க்கவில்லை.

பீரோ போனஸ் கைக்கு வந்த பிறகு. அதற்குள் உங்கள் கட்டட லிஃப்டை அளந்து வையுங்கள்: கதவின் அகலம், உயரம், உள்ளே மூலைவிட்டம். பல அடுக்குமாடிகளில் லிஃப்ட் கதவு இரண்டு மீட்டர் உயரம்தான், பழைய மர பீரோ ஆறரை ஏழு அடி. படிக்கட்டுத் திருப்பத்திலும் மாட்டிக்கொண்டால் பால்கனி வழியாகக் கயிறு கட்டித்தான் ஏற்ற வேண்டும், வீடு மாறும் ஒவ்வொரு முறையும் அந்தக் கூலி உண்டு. மேல்முடி, பெட்டி, கால் என்று மூன்றாகக் கழற்றி மாட்டும் பீரோவாகக் கிடைத்தால் மட்டும் எடுங்கள். பார்க்கும்போதே ஒருமுறை கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.