மீத்தின் ஆளுநர் – ஒரு கடிதம்

வணக்கம்.

அயர்லாந்து பற்றிய உங்கள் கட்டுரையில் ஹியூ டி லேசி ஒரே பத்தியில் வந்து போய்விடுகிறார். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றியின் ஆளுநர் என்கிறீர்கள். அடுத்த வரியிலேயே மன்னருக்கு அவர்மேல் சந்தேகம் என்கிறீர்கள். உண்மையில் அவர் துரோகியா? இன்னொன்று. அயர்லாந்துக்காரர்களுக்கு அவர் வெறும் ஆக்கிரமிப்பாளர்தானே, அவரைத் திறமையான நிர்வாகி என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அவரைக் கொன்ற இளைஞனைப் பற்றி ஏன் ஒரு வரிகூட இல்லை?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

மூன்று கேள்விகளுமே முக்கியமானவை. அந்தக் கட்டுரையில் இடம் போதவில்லை, அதனால் இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டி லேசி குடும்பம் நார்மண்டியில் லாஸி என்ற சிற்றூரிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் வேல்ஸ் எல்லையை ஒட்டி லட்லோ, வீப்லி பகுதிகளில் அவர்களுக்கு நிலம் இருந்தது. 1171 அக்டோபரில் ஹென்றி பெரும்படையோடு வாட்டர்ஃபோர்டு பக்கம் வந்து இறங்கியபோது ஹியூவும் கூட வந்தார். ஹென்றி அவ்வளவு அவசரமாகக் கடல் தாண்டியதற்கு அயர்லாந்து மன்னர்கள் காரணம் இல்லை. அவருடைய சொந்தப் பிரபுவான ஸ்ட்ராங்போ, அயர்லாந்தின் லெய்ன்ஸ்டர் பகுதி மன்னரின் மகளை மணந்து அங்கே தனி அரசே நடத்தத் தொடங்கியிருந்தார். அவருக்கு எதிர்க்கனமாக ஒரு ஆள் வேண்டும். 1172இல் மீத் நாடு முழுவதையும் ஐம்பது குதிரை வீரர்களின் சேவைக்கு ஈடாக ஹியூவுக்கு எழுதிக்கொடுத்தார் ஹென்றி. இன்றைய மீத், வெஸ்ட்மீத் மாவட்டங்களும் சுற்றியுள்ள பகுதிகளும் அதில் அடக்கம். டப்ளின் நகரப் பொறுப்பும் ஹியூவிடமே வந்தது. ஆக, ஒரு பிரபு தனியரசு ஆகிவிடக் கூடாது என்பதற்காக நியமிக்கப்பட்டவர் அவர். பிற்பாடு அவர்மேலேயே அதே சந்தேகம் விழுந்தது.

அவர் எப்படி இருந்தார் என்பதை வேல்ஸ் நாட்டு ஜெரால்ட் என்ற பாதிரியார் எழுதி வைத்திருக்கிறார். கருத்த நிறம், குழிவிழுந்த கறுப்புக் கண்கள், சப்பை மூக்கு. முன்பு ஒரு விபத்தில் ஏற்பட்ட தீக்காயத்தால் வலது கன்னம் தாடை வரைக்கும் வெந்து வடுவாகியிருந்தது. குட்டைக் கழுத்து, உடம்பெல்லாம் ரோமம், முறுக்கேறிய தசை. கணக்குவழக்கில் கண்ணும் கருத்துமானவர், நிதானமானவர், ஆனால் பொன்னாசை பிடித்தவர், பெண்கள் விஷயத்தில் ஒழுங்கில்லாதவர் என்றும் சொல்கிறார். ஜெரால்டின் மாமன்மார்கள் அயர்லாந்தில் டி லேசிக்குப் போட்டியாக இருந்த கூட்டம். அப்படிப்பட்டவர் கொடுக்கும் நற்சான்றை நான் நம்புகிறேன்.

அந்த நற்சான்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. போரில் ஊரைவிட்டு விரட்டப்பட்ட உழவர்களை ஹியூ திரும்ப அழைத்தார், அவர்களுடைய வயலையும் மேய்ச்சல் நிலத்தையும் அவர்களிடமே கொடுத்தார் என்கிறார் ஜெரால்ட். முதலில் வந்த நார்மன் வீரர்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு போவதையே வெற்றி என்று நினைத்தவர்கள். மாடும் இல்லை, உழுபவனும் இல்லை என்றால் நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஹியூவுக்கு அது புரிந்தது. நிலத்தைத் தன் ஆட்களுக்குப் பகிர்ந்து கொடுத்து, கோட்டை மேல் கோட்டையாகக் கட்டினார். மீத்தில் உள்ள டிரிம் என்ற ஊரில் முதலில் கட்டியது மரக்கோட்டை. அவர் இல்லாத சமயத்தில் அயர்லாந்தின் மற்ற மன்னர்களுக்கு மேலான உயர் மன்னர் ரோரி ஓ கானரின் படை வர, அது அழிந்தது. அதே இடத்தில் பாயின் ஆற்றங்கரையில் கல்லால் எழுப்பினார். இருபது மூலைகள் கொண்ட அந்தக் கோபுரம் இன்றும் நிற்கிறது.

சரி, துரோகியா? 1180 வாக்கில் ரோரி ஓ கானரின் மகள் ரோஸை மணந்தார், மன்னரின் அனுமதி கேட்காமலே. ஸ்ட்ராங்போ செய்த அதே காரியம். 1181இல் ஹென்றி அவரைப் பதவியிலிருந்து எடுத்தார். ஆனால் அவர் இல்லாமல் காரியம் நடக்கவில்லை. கொஞ்ச நாளிலேயே திருப்பி அனுப்பினார், கூடவே கண்காணிக்க ஒரு பாதிரியாரையும் சேர்த்து. 1184இல் மறுபடி நீக்கம். 1185இல் ஹென்றியின் மகன் இளவரசர் ஜான் வந்தார். வரவேற்க வந்த அயர்லாந்துத் தலைவர்களின் தாடியை அவருடைய தோழர்கள் பிடித்து இழுத்து அவமானப்படுத்தினார்கள். படைவீரர்களின் சம்பளப் பணத்தை விரயம் செய்து, அந்த வருடம் முடிவதற்குள் ஊர் திரும்பிய ஜான், அயர்லாந்து மன்னர்கள் தனக்குக் கப்பம் கட்டவிடாமல் தடுத்தது டி லேசிதான் என்று தந்தையிடம் புகார் சொன்னார்.

நான் பார்ப்பது ஹியூவின் செயல்களை. 1173இல் ஹென்றியின் மகன்களே அவருக்கு எதிராகக் கிளம்பியபோது, ஹியூ நார்மண்டியில் வெர்னுயில் நகரைப் பிரெஞ்சு மன்னருக்கு எதிராகக் காத்து நின்றார். திரும்பி வா என்று அழைத்தபோதெல்லாம் வாளெடுக்காமல் போனார். துரோகி செய்கிற காரியமா இது? அவர் அரசராக ஆசைப்பட்டாரா என்பது அவர் மனதுக்குத்தான் தெரியும். ஆனால் மக்கள் அவரை அரசராக நடத்தத் தொடங்கிவிட்டார்கள். அயர்லாந்து ஆண்டுக் குறிப்பு ஒன்று அவர் இறந்ததைப் பதியும்போது மீத்தின் மன்னர் என்றே குறிப்பிடுகிறது.

அடுத்த கேள்விக்கு என் பதில், ஆமாம், ஆக்கிரமிப்பாளர்தான். மீத் ஹென்றியின் அப்பன் வீட்டுச் சொத்து இல்லை, எழுதிக்கொடுக்க. 1172இல் அத்பாய் அருகே ஒரு குன்றில் பேச்சுவார்த்தைக்கு வந்த பிரெஃப்னி மன்னர் டிகெர்னான் ஓ ரூர்க் அங்கேயே கொல்லப்பட்டார். தலை டப்ளின் கோட்டை வாசலில் தொங்கியது, உடல் தலைகீழாக. யார் முதலில் வஞ்சகம் செய்தது என்பதில் இரு தரப்பும் எதிரும் புதிருமாக எழுதியிருக்கின்றன. உழவர்கள் வயலுக்குத் திரும்பினார்கள் என்றால், அந்த வயலுக்கு மேலே இருந்த பழைய குடும்பங்கள் திரும்பவே இல்லை. திறமையான நிர்வாகி என்று நான் எழுதியது பாராட்டு இல்லை. கொள்ளையடித்துப் போகிறவனைவிட, உழவனைக் குடியமர்த்தி வரி வாங்குகிற ஆக்கிரமிப்பாளனை அகற்றுவது பல மடங்கு கடினம். ஹென்றி எதைப் பார்த்து மிரண்டாரோ, அதையேதான் அயர்லாந்துத் தலைவர்களும் பார்த்து மிரண்டார்கள்: இந்த ஆள் வேர்விட்டுவிட்டார்.

இப்போது அந்த இளைஞன். 1186 ஜூலை 25. டர்ரோவில் புனித கொலம்பா நிறுவிய மடத்து நிலத்தில் ஹியூ புதிதாகக் கோட்டை எழுப்பிக்கொண்டிருந்தார். வேலையைப் பார்வையிட வந்தபோது கூட மூன்றே பேர். நிலத்தை இழந்த ஓ கேதர்னி குடும்பத்தின் தலைவர், நரி என்ற பட்டப்பெயர் கொண்டவர், தன் வளர்ப்பு மகனை அனுப்பியிருந்தார். ஓ மீ குலத்தைச் சேர்ந்தவன். அங்கிக்குள் மறைத்து வைத்திருந்த கோடரியை எடுத்து ஒரே வெட்டு. தலையும் உடலும் கோட்டை அகழிக்குள் விழுந்தன. துரத்தியவர்களை முந்திக்கொண்டு ஓடி அவன் காட்டுக்குள் மறைந்தான். மடத்து நிலத்தைத் தொட்டதற்குக் கொலம்பா கொடுத்த தண்டனை என்று ஜனங்கள் பேசினார்கள். எனக்கு அவன்மேல் மரியாதை உண்டு. அகப்பட்டால் உயிர் போகும் என்று தெரிந்துதான் போயிருப்பான்.

உடலை ஒன்பது வருடம் கழித்து, 1195இல்தான் மீட்க முடிந்தது. உடல் பெக்டிவ் மடத்துக்கும், தலை டப்ளின் புனித தாமஸ் மடத்துக்கும் போயின. டப்ளினில்தான் அவருடைய முதல் மனைவி ரோஹெஸ் அடக்கமாகியிருந்தார். இரண்டு மடங்களும் பத்து வருடம் வழக்காடி, 1205இல் உடலும் டப்ளினுக்கே என்று தீர்ப்பானது.

இறந்த செய்தி கேட்டு ஹென்றி மகிழ்ந்தார் என்று அந்தக் காலத்து ஆங்கில வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதுகிறார். உடனே ஜானை மறுபடி அயர்லாந்துக்கு அனுப்ப ஏற்பாடும் நடந்தது, இன்னொரு மகன் ஜெஃப்ரி இறந்துபோனதால் அது நின்றது. ஆனால் கோடரி வெட்டால் மீத் அயர்லாந்துக்காரர்கள் கைக்குத் திரும்பவில்லை. ஹியூவின் மகன் வால்டர் பட்டத்துக்கு வந்து டிரிம் கோட்டையைக் கட்டி முடித்தார். இளையவர், அவர் பெயரும் ஹியூ, அல்ஸ்டரின் பிரபு ஆனார். இருவரையும் நிலத்தைவிட்டு விரட்டியவர், 1210இல் படையோடு வந்த அதே ஜான். அப்போது அவர் மன்னர். பெரும் தொகையை அபராதமாகக் கட்ட ஒப்புக்கொண்டு, 1215இல்தான் வால்டரால் மீத்தைத் திரும்பப் பெற முடிந்தது.