மூன்று வாரம் அங்கே என்ன செய்வேன்? – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கே சிங்கப்பூரில் குழந்தைகள் வார்டில் தாதியாக இருக்கிறேன். கம்போடியாவில் ஒரு மாகாண மருத்துவமனையில் தாதியருக்குச் சொல்லித்தர ஆள் தேடுகிறார்கள் என்று தோழி சொன்னாள். மூன்று வாரம். சம்பளம் கிடையாது, தங்க இடம் உண்டு. எனக்கு ஆசைதான். ஆனால் போய் வந்தவர்கள் போடுவதெல்லாம் குழந்தைகளைத் தூக்கிவைத்துச் சிரிக்கும் படங்களாகவே இருக்கின்றன. ஒரு நாள் அங்கே எப்படிப் போகும், காலையிலிருந்து இரவு வரை என்ன செய்வேன் என்று யாரும் எழுதுவதில்லை. க்மெர் மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. நான் சைவம் வேறு. அம்மா, "இங்கேயே ஆள் போதவில்லை என்று தினமும் சொல்கிறாய், அங்கே போய் யாருக்கு என்ன சொல்லித்தரப் போகிறாய்?" என்று கேட்கிறார். அவருக்கு என்ன சொல்வது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

தாதிமை கற்பித்து ஓய்வு பெற்றவள், கம்போடியாவுக்கு இப்படிப் போய் வந்தவள் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். மகிழ்ச்சி. முதலில் அந்த ஒரு நாளைச் சொல்கிறேன்.

சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும் நாடு அது. காலை ஆறு மணி வாக்கில் வெளிச்சம் வந்துவிடும், மாலை ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும். ஏழு, ஏழரைக்குப் பணி மாற்றம். அதற்கு முன்பே வார்டில் போய் நின்றுவிடுங்கள். ஒரு குழந்தை படுத்திருக்கிற கட்டிலைச் சுற்றி அம்மா, பாட்டி, அக்கா எல்லாரும் இருப்பார்கள். பாய், சோற்றுப் பாத்திரம், விசிறி என்று வீட்டையே பெயர்த்துக் கொண்டுவந்திருப்பார்கள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் பெரும்பாலும் குடும்பத்தார் பொறுப்பு. எனவே நீங்கள் தாதிக்குச் சொல்லித்தருவது அந்தப் பாட்டிவரை போய்ச் சேர்ந்தால்தான் பலன்.

முதல் சில நாட்கள் எதையும் கற்பிக்க வேண்டாம். கூடவே நடந்து பாருங்கள். மருந்து எங்கே இருக்கிறது, கை கழுவத் தண்ணீர் வருகிறதா, இரவில் எத்தனை தாதியர், யார் சொன்னால் யார் கேட்பார்கள். இது தெரியாமல் எடுக்கிற பாடம் காற்றில் போய்விடும்.

நண்பகலில் எல்லாம் அடங்கிவிடும். பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை சாப்பாடு, கொஞ்சம் தூக்கம். நம் பழக்கத்தில் அந்த நேரத்தில் அறையில் உட்கார்ந்து மறுநாள் பாடத்தைத் தயார் செய்யத் தோன்றும். வேண்டாம். அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். வகுப்பில் வாயே திறக்காத இளம் தாதி அங்கேதான் கேள்வி கேட்பாள். மூத்தவர்கள் முன்னால் தெரியாது என்று காட்டிக்கொள்வது அங்கே சங்கடமான விஷயம். அதனால் மூத்த தாதிக்குத் தனியாக முதலில் சொல்லித்தந்து, அவரையே மற்றவர்களுக்குச் செய்துகாட்டச் சொல்வது நல்லது.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மீன் சாஸும், ப்ரஹொக் என்கிற புளிக்கவைத்த மீன் விழுதும் காய்கறிக் குழம்புகளிலும் இருக்கும். வெறும் சோறு, முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் முட்டை, எண்ணெயில் வதக்கித் தரச் சொன்ன கங்கோங் கீரை, பழங்கள் என்று சமாளிக்கலாம். தேக்காவில் பருப்புப் பொடியும் ஊறுகாயும் வாங்கிப் போங்கள். நீங்கள் எதைச் சாப்பிட மாட்டீர்கள் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டு மணிக்கு மேல் வகுப்பு. பல நாள் அது நடக்காது. மழைக்காலமான மே முதல் அக்டோபர் வரையில் டெங்கிக் குழந்தைகள் வந்து குவிவார்கள், தாதியரை வார்டிலிருந்து நகர்த்த முடியாது. அப்போது வகுப்பைக் கட்டில் பக்கத்துக்கே கொண்டுபோக வேண்டியதுதான். உண்மையில் அதுதான் நல்ல வகுப்பு.

ஒரு உதாரணம் சொல்கிறேன், இது என் மனதுக்கு மிகவும் நெருக்கமான பாடம். குழந்தையின் மூச்சை எண்ணுவது. இங்கே கருவி எண்ணைக் காட்டிவிடுகிறது. அங்கே எல்லாக் கட்டிலுக்கும் கருவி கிடையாது. இருமலோடு வருகிற குழந்தைக்கு நிமோனியா இருக்குமோ என்று சந்தேகிக்க, நொடி முள் உள்ள ஒரு கடிகாரம் போதும். இரண்டு மாதத்துக்குக் கீழே நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை 50, ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40. இதை எட்டினால் வேக மூச்சு. உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு இது, உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் சின்னக் குழந்தைகளுக்குத் தவறிவிடும், ஏனென்றால் அவர்கள் மூச்சு ஒரே சீராக இருக்காது. சட்டையைத் தூக்கிவிட்டு, அம்மா மடியில் அமைதியாக இருக்கும்போது எண்ண வேண்டும். அழுதால் காத்திருந்து மறுபடி முதலிலிருந்து.

இதை ஸ்லைடு போட்டுச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், எல்லாரும் தலையாட்டுவார்கள். தலையாட்டல் மரியாதை, புரிந்ததற்கு அடையாளம் இல்லை. இரண்டு தாதியர் ஒரே குழந்தையைத் தனித்தனியாக எண்ணி, எண்களை ஒப்பிட்டுப் பார்க்கச் செய்யுங்கள். ஒருவர் 38, இன்னொருவர் 52 என்று சொல்லும்போது ஒரு பேச்சு கிளம்பும் பாருங்கள், அங்கேதான் பாடம் தொடங்குகிறது. மூன்று வாரத்தில் இந்த ஒன்றை மட்டும் வார்டு முழுக்கச் செய்ய வைத்துவிட்டால் போதும் என்பேன். பத்துத் தலைப்புகளோடு போகிறவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசினால் நேரம் இரட்டிப்பாகும், எனவே பாடத்தைப் பாதியாக வெட்டுங்கள். இளையவர்களுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வரும், பழைய தலைமுறை மருத்துவர்களில் சிலருக்குப் பிரெஞ்சு. இரு கை கூப்பி வணங்குவது நம் வழக்கம் போலவேதான், அதில் நீங்கள் தடுமாற மாட்டீர்கள்.

அப்புறம், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துப் போகாதீர்கள். டெங்கியில் காய்ச்சல் விட்டதும் தாய்மார்கள் வீட்டுக்குக் கிளம்பப் பார்ப்பார்கள். வயலும் மற்ற பிள்ளைகளும் காத்திருக்கும். ஆனால் காய்ச்சல் இறங்கிய பிறகான 24 முதல் 48 மணி நேரம்தானே ஆபத்து. அந்தத் தாயை உட்காரவைத்துப் பேசி நிறுத்துகிற திறமையை நான் அங்கேதான் கற்றேன். 1975 முதல் 1979 வரையான க்மெர் ரூஜ் ஆட்சியில் மருத்துவர்களும் தாதியரும் கொல்லப்பட்டார்கள் அல்லது ஓடிப்போனார்கள், கற்பிக்க மிகச் சிலரே மிஞ்சினார்கள். அதிலிருந்து எழுந்து வந்தவர்களிடம் பாடம் எடுக்கப் போகிறோம் என்ற நினைப்பு நமக்கு இருக்க வேண்டும்.

நீங்கள் சொன்ன படங்கள் விஷயத்தில் எனக்குக் கண்டிப்பான கருத்து உண்டு. இங்கே உங்கள் வார்டில் எடுக்கத் துணியாத படத்தை அங்கேயும் எடுக்காதீர்கள். அந்தக் குழந்தையும் நோயாளிதான்.

நன்கொடையாகக் கொண்டுபோகும் பொருட்களிலும் கண்டிப்பு வேண்டும். அங்கே உதிரிப் பாகம் கிடைக்காத கருவி ஆறு மாதத்தில் மூலையில் கிடக்கும். நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். நொடி முள் உள்ள கடிகாரங்கள் வாங்கிப் போங்கள்.

இனி அம்மாவுக்கு. அவர் கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் உங்கள் வார்டையே சுற்றிப் பாருங்கள். பிலிப்பீன்ஸ், மியன்மார், இந்தியா, மலேசியா என்று எத்தனை ஊர்களில் படித்து வந்த தாதியர்! அவர்களுக்கு அங்கே யாரோ சொல்லித்தந்தார்கள், பலனை நாம் அனுபவிக்கிறோம், உங்கள் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் அவரும் அனுபவிப்பார். வாங்கிக்கொண்டே இருக்கிற நாட்டிலிருந்து ஒருவர் மூன்று வாரம் கொடுக்கப் போவதை நான் கடமை என்றே நினைக்கிறேன். இதை அப்படியே அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

ஒரே ஒரு தடவை போய்விட்டு விட்டுவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. 1991இல் தொடங்கிய சிங்கப்பூர் அனைத்துலக அறநிறுவனம், அமெரிக்காவில் 1986இல் தொடங்கிய ஹெல்த் வாலண்டியர்ஸ் ஓவர்சீஸ் போன்றவை உள்ளூர்க்காரர்களையே பயிற்றுநர்களாக்கப் பார்க்கின்றன. உங்களுக்குப் பின் யார் போகிறார், அவரிடம் எதை ஒப்படைக்கப் போகிறீர்கள் என்று ஏற்பாட்டாளர்களைக் கேளுங்கள். நோயாளிக்கு நீங்களே சிகிச்சை தர வேண்டியிருக்குமா என்பதையும் கேளுங்கள். அந்த நாட்டு அனுமதி இல்லாமல் அதைச் செய்யக் கூடாது. ஹெபடைடிஸ் ஏ, டைபாய்டு ஊசிகளைப் பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், அந்த மருத்துவமனையின் தலைமைத் தாதிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இதற்கு முன் வந்தவர்கள் சொல்லித்தந்ததில் இன்றும் எதைச் செய்கிறீர்கள், என்னிடமிருந்து என்ன வேண்டும் என்று இரண்டே கேள்விகள். பதில் வர நாளாகும். அது வந்த பிறகு டிக்கெட் எடுங்கள்.

அன்புடன்,
அக்கா