மின்சாரத்தை நாம் விரும்பும் மின்வழித்தடத்தில் திருப்பிவிட முடியுமா?

தண்டவாளம் மாற்றி ரயிலைத் திருப்புவதுபோல, இந்தத் தடத்தில் இவ்வளவு மின்சாரம்தான் போக வேண்டும் என்று முடிவு செய்ய இயலுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இயலும். மின்கடத்தல் திட்டமிடும் பணியில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வியே இதுதான்.

முதலில் சிக்கல் எங்கே என்று பார்ப்போம். இரண்டு துணைமின் நிலையங்களை இரண்டு தடங்கள் இணைக்கின்றன. ஒன்றின் மின்மறுப்பு (மாறுதிசை மின்னோட்டத்துக்குத் தடம் காட்டும் எதிர்ப்பு) 20 ஓம், இன்னொன்றினுடையது 40 ஓம். மாறுதிசை மின்சாரம் மறுப்பு குறைந்த பக்கமே அதிகம் பாயும். முதல் தடத்தில் இரண்டு பங்கு போனால், அடுத்ததில் ஒரு பங்கு. முதல் தடம் தாங்கக்கூடியது 500 மெகாவாட் என்றால், அது நிரம்பும்போது இரண்டாவதில் 250தான் போகும். மொத்தம் 750. இரண்டாவது தடத்தில் இடம் காலியாகக் கிடந்தாலும் பயனில்லை. சுவிட்சால் தடத்தை இணைக்கலாம், துண்டிக்கலாம். பங்கை மாற்ற முடியாது.

இரண்டாவது தடத்தில் தொடராக 15 ஓம் மின்தேக்கி ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். தேக்கி, கம்பியின் மறுப்பைக் கழிக்கும். 40 ஓம் 25 ஆகிவிடும். இப்போது முதல் தடத்தில் 500 போகும்போது இரண்டாவதில் 400 போகும். புதிதாக ஒரு கோபுரம்கூட நடாமல் 900 மெகாவாட்! இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

ஆனால் நிலையான தேக்கி எப்போதும் 15 ஓம்தான். சுமையோ மணிக்கு மணி மாறுகிறது. இங்கேதான் தைரிஸ்டர் என்ற குறைகடத்திச் சுவிட்ச் வருகிறது. தேக்கிக்கு இணையாக ஒரு மின்தூண்டியையும் (கம்பிச்சுருள்), எதிரெதிராகப் பொருத்திய தைரிஸ்டர்களையும் வைக்கிறார்கள். தேக்கியின் மின்னழுத்தம் சுழியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் தைரிஸ்டரை இயக்கினால், தேக்கியில் இருக்கும் மின்னூட்டம் தூண்டி வழியாகப் பாய்ந்து, திசை மாறித் திரும்பி வந்து சேரும். அதனால் அதே மின்னோட்டத்துக்குத் தேக்கியில் கூடுதல் மின்னழுத்தம் ஏறுகிறது. தடத்தின் கண்ணுக்கு அது பெரிய தேக்கியாகத் தெரிகிறது. தூண்டியைச் சேர்த்தால் தேக்கியின் விளைவு குறையும் என்று மாணவர்கள் பலர் நினைக்கிறார்கள். சரியான நொடியில் இயக்கினால் கூடுகிறது. 50 ஹெர்ட்ஸில் அரைச் சுற்றுக்கு 10 மில்லி நொடி. அதாவது நொடிக்கு நூறு முறை இந்த நேரத்தைத் திருத்திக்கொள்ளலாம்.

இப்படியொரு அமைப்பை வேலிக்கு வெளியே நின்று முதன்முதலாகப் பார்த்தபோது, உயரமான மின்காப்புக் கால்களின்மேல் ஒரு மேடை மட்டுமே தெரிந்தது. தேக்கி, தூண்டி, தைரிஸ்டர் எல்லாம் அதன் மேல், தடத்தின் மின்னழுத்தத்திலேயே இருந்தன. தரையிலிருந்து செம்புக் கம்பியில் கட்டளை அனுப்ப முடியாது. ஒளியிழை வழியாக ஒளியாகத்தான் அனுப்புகிறார்கள். அத்தனை பெரிய மின்னோட்டத்தை ஆட்டிவைப்பது ஒரு சிறு ஒளித்துடிப்பு.

இன்னொரு காரணத்துக்காகவும் தைரிஸ்டரால் இயக்கும் தேக்கி முக்கியம். அமெரிக்காவின் நெவாடாவில் மொஹாவி மின்நிலையத்தில் 1970லும் 1971லும் ஜெனரேட்டரின் சுழல்தண்டு பழுதானது. தொலைதூரத் தடத்தில் இருந்த நிலையான தொடர்த் தேக்கிகள், அந்தத் தண்டின் முறுக்கு அதிர்வோடு ஒத்ததிர்ந்ததுதான் காரணம். தைரிஸ்டரால் இயக்கும் தேக்கி அந்த அதிர்வெண்களில் வேறுவிதமாக நடந்துகொள்கிறது. ஆபத்தைப் பெரிதும் தணிக்கிறது.

இந்தக் கருத்துகளை 1980களின் பிற்பகுதியில் ஒரே குடைக்கீழ் கொண்டுவந்தவர் மின்பொறியாளர் நரேன் ஹிங்கொரானி. 1993இல் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் உள்ள ஸ்லாட் துணைமின் நிலையத்தில் 500 கிலோவோல்ட் தடத்தில் இத்தகைய தேக்கி இயங்கத் தொடங்கியது. 1998இல் அதே நாட்டின் கென்டக்கி மாநிலத்தில், ஐனஸில் நிறுவப்பட்ட அமைப்பு இன்னும் ஒரு படி மேல்: அணைக்கவும் முடிகிற குறைகடத்திகளைக் கொண்டு, தடத்தில் தானே ஒரு மின்னழுத்தத்தைச் சேர்த்து, பாயும் ஆற்றலை நேரடியாகத் தீர்மானித்தது. தைரிஸ்டரை இயக்கத்தான் முடியும். மின்னோட்டம் சுழியாகும் வரை அது அணையாது.

மேலே சொன்ன எடுத்துக்காட்டில் 900 மெகாவாட்டுக்கு மேல் தேவைப்பட்டால், இரண்டாவது தடத்தின் தாங்கும் அளவை முதலில் பாருங்கள். அதுவும் 400தான் என்றால் புதிய தடம் போட்டே ஆக வேண்டும்.