ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: எட்டு வருடமாக ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஆபரேட்டராக இருக்கிறேன். குடும்பம் போல நடத்திய முதலாளி, எங்களிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் ஆலையை விற்றுவிட்டார். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, புது நியமன ஆர்டர் வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். பி.எஃப். பணத்தையும் எடுத்துக்கொள்ளலாமாம். மனசு ஆறவில்லை. மறுத்தால் இழப்பீடு கிடைக்குமா?

பதில்: ஆலையை விற்க உங்கள் சம்மதம் தேவையில்லை. அந்த வருத்தத்தை வைத்து வழக்கு நிற்காது. உங்கள் விஷயத்தில் சட்டம் பார்க்கப்போவது அந்த ராஜினாமா கடிதத்தைத்தான்.

மறுத்தாலே பணம் வரும் என்று நினைக்காதீர்கள். பணி முறியாமல் தொடர வேண்டும். சம்பளமும் சலுகைகளும் குறையக் கூடாது. பின்னாளில் ஆட்குறைப்பு வந்தால் பழைய வருடங்களையும் சேர்த்து இழப்பீடு தரும் பொறுப்பு வாங்கியவருக்கு இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் இப்போது இழப்பீடு கிடையாது. ஒன்று குறைந்தாலும், பழைய முதலாளி நோட்டீஸும், வருடத்துக்கு 15 நாள் சராசரிச் சம்பளமும் தர வேண்டும். 1947-ஆம் வருடத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 25எஃப்எஃப் பிரிவு சொன்னது இது. புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இதுவே தொடர்கிறது. பங்குகள் மட்டும் கைமாறியிருந்தால் நிறுவனம் அதேதான். ராஜினாமா கேட்கவே காரணமில்லை.

ராஜினாமா கொடுத்தால் இந்தப் பாதுகாப்பு மொத்தமும் போய்விடும். என்னிடம் வந்த ஒருவர் ஒன்பது வருடப் பணிக்குப் பின் இப்படித்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். 'சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்' என்று அவர்களே டைப் செய்த தாள். தேதி இடம் காலி. இரண்டு வருடம் கழித்து ஆட்குறைப்பு. பதினொரு வருடத்துக்குக் கேட்டோம். அவர்கள் அந்தத் தாளை எடுத்து நீட்டினார்கள். இரண்டு வருடத்துக்கான இழப்பீடுதான் கைக்கு வந்தது. அந்த இரண்டு வருடத்துக்கு கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) இல்லை, ஐந்து வருடம் புதிதாக ஓட வேண்டுமே. மிரட்டி வாங்கினார்கள் என்று சொல்லலாம்தான். ஆனால் அதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும்.

அப்புறம், புது ஆர்டரில் 'ஒரு வருட ஒப்பந்தம்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், காலம் முடிந்ததும் வெளியே அனுப்பலாம். அது ஆட்குறைப்புக் கணக்கில் வராது.

பி.எஃப். பணத்தை எடுக்கவே எடுக்காதீர்கள். ஓய்வூதியத்துக்குப் பத்து வருடப் பணி வேண்டும். இப்போது பென்ஷன் தொகையையும் எடுத்துவிட்டால் இந்த எட்டு வருடம் அழிந்து, பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். அதே யூஏஎன் (உங்கள் நிரந்தர பி.எஃப். எண்) எண்ணிலேயே கணக்கைத் தொடரச் சொல்லுங்கள். பாஸ்புக்கில் மாதாமாதம் பணம் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். விடுபட்ட பாக்கிக்குப் பழையவரோடு வாங்கியவரும் பொறுப்பு, ஆனால் வாங்கிய சொத்தின் மதிப்பு வரைக்கும்தான்.

இழப்பீடும் வேண்டும், பணித் தொடர்ச்சியும் வேண்டும் என்று நின்றால் இரண்டும் சேர்ந்து கிடைக்காது, ஏதாவது ஒன்றுதான். 1960-களிலேயே உச்ச நீதிமன்றம் அனகாப்பள்ளி வழக்கில் இதைத் தீர்த்துவிட்டது. வேலை வேண்டுமென்றால் சமரசமாகப் போங்கள். ராஜினாமாவுக்குப் பதில், 'முதலில் சேர்ந்த தேதியிலிருந்து பணி தொடர்கிறது, சம்பளமும் சலுகைகளும் குறையாது' என்று இரண்டு நிர்வாகமும் கையெழுத்திட்ட கடிதம் கேளுங்கள். அது கிடைத்தால் கோபத்தை விட்டுவிட்டு வேலைக்குப் போங்கள். தர மறுத்தால், எதிலும் கையெழுத்துப் போடாமல், நீங்கள் கேட்டதை எழுத்தில் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, அந்த ரசீதோடு தொழிலாளர் துறை சமரச அலுவலரிடம் போங்கள்.