கையேந்தி பவனில் காரீயம்: கேட்டதும் சொன்னதும்

உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன் என்பதால், தெருக்கடைச் சாப்பாட்டில் காரீயம் (லெட்), பாதரசம் போன்ற கன உலோக விஷங்கள் சேருமா என்று என்னிடம் வந்த கேள்விகள் இவை. வெறுமனே ஈயம் என்று நான் சொல்வது காரீயத்தைத்தான். தெரிந்தவரை சொல்கிறேன்.

பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் திறந்து வைத்த வடையில் வண்டிப் புகை ஈயம் படியுமா சார்?

பெட்ரோலில் ஈயம் கலந்து விற்ற காலத்தில் அது பெரிய கவலை. இந்தியாவில் 2000-ல் அது நின்றது. ஆனால் ஈயம் மக்காது. அன்று சாலையோரம் படிந்தது இன்னும் மண்ணில் கிடக்கிறது. பழைய பேட்டரி உருக்கும் பட்டறைப் பக்கம் கடை இருந்தால் நான் நிற்கமாட்டேன். மற்ற இடங்களில் வடைக்குக் கண்ணாடிப் பெட்டி இருந்தால் போதும். நான் முதலில் பார்ப்பது பாத்திரத்தை.

கூழ் வண்டி வெச்சிருக்கேன். ராத்திரி முழுக்க அலுமினிய அண்டாவுலதான் புளிக்குது. தப்பாண்ணே?

ஆமாம் தம்பி, மாத்திடுங்க. அலுமினியம் கன உலோகமே இல்லை. ஆனால் அந்த அண்டாவை எதை உருக்கி வார்த்தார்கள் என்பதுதான் கேள்வி. காயலான் கடைச் சரக்கு, பழைய இன்ஜின் பாகம் எல்லாம் உலைக்குள் போனால் கூடவே ஈயமும், காட்மியம் என்ற இன்னொரு விஷ உலோகமும் போகும். கேமரூன் நாட்டில் இப்படி வார்த்த சட்டிகளைச் சோதித்தபோது சமையலில் ஈயம் இறங்குவது தெரிந்தது. புளிப்பு, சூடு, நேரம் மூன்றும் சேர்ந்தால் இன்னும் அதிகமாக இறங்கும். கூழுக்கு ராத்திரி முழுக்க நேரம் இருக்கிறது. காலையில் அண்டாவைக் கழுவியதும் உள்ளே விரலால் தடவிப் பாருங்க. கூழ் நின்ற மட்டத்துக்குக் கீழே சொரசொரப்பாக, ஊசி குத்தியது போலக் குழி தட்டினால், அங்கிருந்த உலோகம் கூழோடு போய்விட்டது. பளபளப்புப் பூச்சில்லாத மண்பானை, இல்லையென்றால் எவர்சில்வர். புளித்தண்ணீர் வைக்கும் பானிபூரிக்காரருக்கும் இதே பதில்தான்.

ஈயம் விஷம் என்றால், ஈயச் சொம்பில் ரசம் வைத்த பாட்டி எப்படி நல்லா இருந்தாங்க?

பாட்டியின் சொம்பு வெள்ளீயம் (டின்). விஷம் காரீயம். தமிழில் இரண்டையும் ‘ஈயம்’ என்றே சொல்லிப் பழகியதால் வந்த குழப்பம் இது. பிரியாணிக் கடைப் பித்தளை அண்டாவுக்குப் பூசுவதும் வெள்ளீயம்தான். அண்டாவைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, பஞ்சால் தேய்ப்பார்கள். காரீயம் மலிவு என்பதால் கலப்படம் நுழைகிறது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, அதுதான் தொல்லை. பூச வருபவரிடம் வெள்ளீயக் கட்டியைக் கொடுப்பது நீங்களாக இருக்கட்டும்.

பஜ்ஜி மாவு அவ்வளவு மஞ்சளாக இருக்கிறதே?

அது பெரும்பாலும் கலர் பொடி. அதன் கதை தனி. எனக்குப் பயம் மஞ்சள்தூளில்தான். மங்கிப்போன கிழங்கைப் பளபளப்பாக்க ஈயம் சேர்ந்த லெட் குரோமேட் பூசுவார்கள், பெயின்ட்டுக்குப் போடும் அதே மஞ்சள். வங்காளதேசச் சந்தைகளில் 2019-ல் எடுத்த மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. ஆராய்ச்சியாளர்கள் அதை வெளியே சொன்னார்கள். அதிகாரிகள் மொத்த விற்பனைச் சந்தைக்கே, ஈயத்தைக் காட்டிக்கொடுக்கும் கையடக்க எக்ஸ்ரே கருவியோடு போய் அபராதம் போட்டார்கள். 2021-ல் அது பூஜ்யம். மனசு வைத்தால் இரண்டே வருஷம்!

பேப்பரில் வடை வாங்கலாமா?

வேண்டாம். அச்சு மையில் ஈயம் இருக்கலாம், சூடான எண்ணெய் அதை இழுக்கும். 2018 பேக்கேஜிங் விதிகளிலேயே தடை உண்டு. வாழை இலை கேளுங்கள்.

பீச்சில் வறுத்த மீன்?

பாதரசம் பெரிய மீனில் சேரும். நெத்திலி, மத்தி தாராளமாகச் சாப்பிடலாம். கர்ப்பிணிகள் சுறாவைத் தவிர்க்கட்டும்.

பையன் தினமும் ஸ்கூல் வாசலில் ஏதாவது வாங்கித் தின்கிறான். ரத்தம் சோதிக்கணுமா? (தாம்பரத்திலிருந்து ஓர் அம்மா)

வெறும் வயிற்றோடு அனுப்பாதீங்கம்மா. காலி வயிற்றில் ஈயம் அதிகமாக உறிஞ்சப்படும். பெரியவர்களைவிடக் குழந்தைகள் 4–5 மடங்கு உறிஞ்சுவார்கள். இரும்புச்சத்து குறைவாக இருந்தால் இன்னும் மோசம். முருங்கைக்கீரை, பால், நெல்லிக்காய் நல்லது. படிப்பில் மந்தம், காரணமில்லாத வயிற்றுவலி, ரத்தசோகை இருந்தால் டாக்டரிடம் சொல்லி ரத்த ஈய அளவு பாருங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் தொட்டாலே எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். 45 வந்தால் ஈயத்தை வெளியேற்றும் மருந்து தேவைப்படும். எந்த அளவு வந்தாலும் ‘டீடாக்ஸ்’ பொடி எதுவும் வாங்காதீங்க. சில பொடிகளிலேயே ஈயம் இருந்திருக்கிறது.