கரன்ட் வந்தும் டெர்மினல் எழும்பலையா?

கேள்வி: சார், எங்க ஆபீஸ்ல லினக்ஸ் டெர்மினல் சர்வர் ஒண்ணும் ஹார்ட் டிஸ்க் இல்லாத 20 டெர்மினலும் இருக்கு. கரன்ட் போயிட்டு வந்தா ஒரு டெர்மினல்கூட பூட் ஆகாம பிஎக்ஸ்இ-இ51-ன்னு (நெட்வொர்க் வழியா பூட் ஆகறப்ப வர்ற எரர்) காட்டிட்டு நிக்குது. நான் போய் சர்வர்ல டிஎச்சிபி சர்வீஸை (டெர்மினலுக்கு ஐபி முகவரி குடுக்கறது) ரீஸ்டார்ட் பண்ணா எல்லாம் ஓடுது. சர்வரை மட்டும் ரீபூட் பண்ணிப் பார்த்தா பிரச்சினையே வரல. ஃபார்மேட் பண்ணிடவா?

பதில்: ஐயோ, அந்தப் பக்கமே போயிடாதீங்க! சர்வரை மட்டும் ரீபூட் பண்ணா பிரச்சினை வரலைன்னு சொன்னீங்க பாருங்க, விஷயமே அதுலதான் இருக்கு. கரன்ட் வரும்போது சர்வரும் ஸ்விட்ச்சும் ஒண்ணா ஆன் ஆகுது, ஸ்விட்ச் ரெடியாக நேரம் எடுக்கும், அதுவரைக்கும் சர்வரோட நெட்வொர்க் கார்டுக்கு லிங்க் கிடையாது, லிங்க் இல்லைன்னா, சர்வர்ல நெட்வொர்க் செட்டிங்கைப் பார்த்துக்கற நெட்வொர்க்மேனேஜரோ சிஸ்டம்டி-நெட்வொர்க்டியோ நீங்க நிலையா குடுத்து வெச்ச ஐபியைக்கூட கார்டுல போடாம காத்துட்டு இருக்கும், அந்த நேரம் பார்த்து டிஎச்சிபி சர்வீஸ் கிளம்பி, கார்டுல ஐபியே இல்லையேன்னு நின்னுடுது. அப்புறம் ஸ்விட்ச் வந்தாலும் அது தானா எழும்பாது. டெர்மினல் கேட்டுட்டே இருக்கும், பதில் சொல்ல ஆள் இல்ல, அதான் இ51.

நம்ப முடியலைன்னா அடுத்த தடவை ரீஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஜர்னல்சிடிஎல் கமாண்ட்ல அந்த சர்வீஸோட லாக்கைப் பாருங்க. கேட்கறதுக்கு இன்டர்ஃபேஸே இல்லைங்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். முதல்ல லாக், அப்புறம் ரீஸ்டார்ட், இந்த வரிசையை மட்டும் மாத்தாதீங்க.

சரி பண்றது பெரிய வேலை இல்ல. சிஸ்டம்சிடிஎல் எடிட் கமாண்ட் போட்டு, சர்வீஸ் நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட்டுக்கு (நெட்வொர்க் ரெடின்னு சிஸ்டம் சொல்ற கட்டம்) அப்புறம் கிளம்பற மாதிரி எழுதுங்க. வெறும் நெட்வொர்க் டார்கெட்னு எழுதினா பத்தாது, நிறைய பேர் வழுக்கி விழற இடம் இதான், ஐபி வந்தாச்சுன்னு அது உறுதி குடுக்காது. கூடவே, சர்வீஸ் விழுந்தா 10 நொடி கழிச்சு மறுபடி கிளம்பற மாதிரி ரீஸ்டார்ட் வரியும் சேருங்க. என்னைக் கேட்டா ரெண்டாவதுதான் முக்கியம், ஏன்னா ஆன்லைனுக்குக் காத்திருக்கறதுக்கும் ஒரு டைம் அவுட் உண்டு, ஸ்விட்ச் அதையும் தாண்டிட்டா இதுதான் காப்பாத்தும்.

ஸ்விட்ச்ல ஸ்பானிங் ட்ரீ (நெட்வொர்க்ல டேட்டா வட்டமா சுத்தாம தடுக்கற வசதி) ஆன்ல இருக்கான்னும் பாருங்க. பழைய முறைன்னா போர்ட் திறக்கவே 15-ம் 15-மா 30 நொடி ஆகும். சர்வர், டெர்மினல் மாட்டின போர்ட்டுல போர்ட்ஃபாஸ்ட் (காத்திருக்காம போர்ட்டை உடனே திறக்கற செட்டிங்) போட்டுடுங்க, இன்னொரு ஸ்விட்ச் மாட்டின போர்ட்டுல மட்டும் வேண்டாம்.

கேள்வி: எங்க டெர்மினல்ல சில நேரம் மட்டும் இ53 வருது, மறுபடி ஆன் பண்ணா சரியாயிடுது. கேபிளா?

பதில்: கேபிள் இல்லங்க. இ53-ன்னா ஐபி வந்துடுச்சு, பூட் ஃபைல் பேர் வரலைன்னு அர்த்தம். யாரோ ஒரு வைஃபை ரவுட்டரை உங்க நெட்வொர்க்ல செருகியிருக்கணும், அதுவும் டிஎச்சிபி குடுக்குது, ஆனா பூட் ஃபைல் பேர் குடுக்காது, யார் முந்தறாங்களோ அவங்க பதிலை டெர்மினல் எடுத்துக்குது. அந்த ரவுட்டர்ல டிஎச்சிபியை ஆஃப் பண்ணுங்க. எப்பவும் அதே டெர்மினல்ல மட்டும் வந்தா அது வேற கதை, அது யுஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலா வந்தது) மாடலான்னு பாருங்க, அதுக்குத் தனி பூட் ஃபைல் குடுக்கணும்.